சிசிலியை ஆண்டவர்களும் சிசிலியில் வாழ்ந்தவர்களும்

ஸஹீஹ் முஸ்லிமுக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதிய விரிவுரையை ஓதிக் கொடுக்கும்போது, 'மாஸரீ கூறினார்' என்ற சொற்கள் அடிக்கடி எதிர்ப்படும். ஓதிக் கொடுக்கும் நானும் ஓதும் மாணவர்களும் பல்லாண்டுகளாக அதைக் கடந்து போய்க்கொண்டுதான் இருந்தோம். ஓராண்டு ஒரு மாணவர் கிதாபிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஹஜ்ரத், புகாரா எங்கே என்று தெரியும், நைஸாபூரும் தெரியும். இந்த மாஸர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். "மேற்கே, மக்ரிப் பக்கம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மனம் கேட்கவில்லை. அன்று இஷாவுக்குப் பிறகு உலகப் படத்தை விரித்துத் தேடினேன். இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் தென்மேற்குக் கரையில், மாஸாரா என்ற பெயரோடு, ஒரு மீன்பிடித் துறைமுகமாக அவ்வூர் இன்றும் இருக்கிறது.

ஓர் இமாமின் ஊரைத் தேடப் போய் ஒரு தீவின் சரித்திரத்துக்குள் இறங்கினேன். அரபு நூல்கள் 'ஸிகில்லிய்யா' என்று அழைக்கும் அத்தீவைப் பற்றி நம்மவர்கள் மேடைகளில் பேசுவதுண்டு. கிறிஸ்தவ மன்னன் ரோஜர் அரபியில் நாணயம் அடித்தான், அவன் அவையில் நம் இத்ரீஸீ உலகப் படம் வரைந்தார், ஐரோப்பாவுக்கு நாகரிகம் கற்பித்தவர்கள் நாம் என்று பெருமிதத்தோடு முடிப்பார்கள். நானும் அப்படிப் பேசியவன்தான். இப்போது அவ்வாறு பேச நா எழவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

மத்தியதரைக் கடலின் தீவுகளில் பெரியது சிசிலி. தூனிஸ் நாட்டுக் கரைக்கும் அதற்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர் கடல்தான். கிரேக்கர், கார்த்தேஜியர், ரோமர், பைஸாந்தியர் என வரிசையாக ஆண்ட அத்தீவுக்குள் முஸ்லிம்கள் தாமாகவே நுழைந்துவிடவில்லை, அழைக்கப்பட்டார்கள். பைஸாந்தியக் கடற்படைத் தலைவன் யூஃபீமியஸ் தன் பேரரசுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்று, கைரவானில் ஆண்ட அக்லபிய அமீர் ஸியாதத்துல்லாஹ்விடம் வந்து படையுதவி கேட்டான். கி.பி. 827இல் (ஹிஜ்ரி 212) ஸூஸா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட படைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் யார் என்று அறிந்தால் மத்ரஸாவில் ஓதியவர்கள் வியப்பார்கள். கைரவானின் காஜி அஸத் இப்னுல் ஃபுராத்! மதீனாவில் இமாம் மாலிக்கிடமும், இராக்கில் இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் முஹம்மது ஷைபானீயிடமும் நேரில் பாடம் கேட்டவர். மாலிகீ மத்ஹபின் பெருநூலான 'முதவ்வனா'வுக்கு அடித்தளமாக அமைந்த 'அஸதிய்யா'வின் ஆசிரியர். எழுபதை நெருங்கிய முதுமையில் வாளேந்தி, அந்த மாஸர்க் கரையில்தான் இறங்கினார். மறு ஆண்டே ஸிரகூஸா நகர முற்றுகையின்போது காலமானார்.

தீவு எளிதில் வசப்படவில்லை. 831இல் பலர்ம் என்னும் பாலெர்மோ வீழ்ந்தது. ஸிரகூஸா 878இல்தான் வீழ்ந்தது, தாவோர்மீனா 902இல். முழுமையாக எழுபத்தைந்து ஆண்டுகள்! அக்லபியருக்குப் பின் ஃபாத்திமிய்யீன்களும், அவர்களின் சார்பாக 948 முதல் கல்பீ குடும்பத்து அமீர்களும் ஆண்டனர். கல்பீகளின் காலமே தீவின் செழிப்புக் காலம். எலுமிச்சை, கரும்பு, பருத்தி, பட்டுப்பூச்சிக்கான முசுக்கொட்டை யாவும் பயிராயின. வாய்க்காலையும் நீர்த்தொட்டியையும் குறிக்கச் சிசிலி விவசாயிகள் வழங்கும் 'ஸாயா', 'ஜெப்பியா' என்னும் சொற்கள் நம் அரபு 'ஸாகியா'வும் 'ஜாபியா'வும்தான்.

அக்காலத்துப் பாலெர்மோவை 973இல் நேரில் கண்ட பயணி இப்னு ஹவ்கல், அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதுகிறார். கூடவே, அவ்வூரில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆசிரியர்களும் ஏறத்தாழ முந்நூறு பேர் இருந்தார்களென்றும், போர்க்களத்துக்குப் போவதிலிருந்து விலக்குக் கிடைக்கும் என்பதற்காகவே அத்தொழிலுக்கு வந்த அறிவிலிகள் அவர்களென்றும் ஏளனம் செய்கிறார். அவ்வூரார் புத்தி மழுங்கியதற்குப் பச்சை வெங்காயம் தின்றதே காரணம் என்றும் ஒரு மருத்துவ விளக்கம் தருகிறார்! முப்பது ஆண்டுகளாக ஓதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தப் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன்.

கல்பீ ஆட்சி 1050ஆம் ஆண்டுகளில் சிதறியது. ஊருக்கு ஒரு தலைவன் எழுந்தான். அவர்களுள் இப்னுஸ் ஸும்னா என்பவன் மற்றொரு தலைவனான இப்னுல் ஹவ்வாஸின் சகோதரி மைமூனாவை மணந்திருந்தான். ஒருநாள் மதுவெறியில் மனைவியோடு சண்டையிட்டு, அவளுடைய கை நரம்புகளை அறுக்கச் சொன்னான். அவள் பிழைத்துச் சகோதரனிடம் சென்றுவிட்டாள். அவனோ அவளைத் திருப்பி அனுப்ப மறுத்தான். போர் மூண்டது. தோற்ற இப்னுஸ் ஸும்னா கடல் கடந்து இத்தாலிக்குப் போய், அங்கே புதிதாகக் காலூன்றியிருந்த நார்மானியர்களிடம் தீவையே தருகிறேன் வாருங்கள் என்றான். யூஃபீமியஸ் நம்மை அழைத்த அதே கதைதான். ஆள் மாறியிருந்தான், அவ்வளவே! இதை வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பெண்ணின் இரத்தத்தில் தொடங்கிய சண்டை ஒரு நாட்டைக் கொண்டுபோயிற்று என்றால் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த மதுக்கோப்பை இல்லாவிட்டாலும், ஊருக்கொரு அமீர் இருந்த தீவு வேறொரு சாக்கில் போயிருக்கும்.

நார்மானியர்கள் வடக்கு பிரான்ஸிலிருந்து கூலிப்படைகளாக வந்தவர்கள். ஹோட்வில் குடும்பத்துச் சகோதரர்களான ராபர்ட்டும் ரோஜரும் 1061இல் மெஸ்ஸீனாவையும் 1072இல் பாலெர்மோவையும் பிடித்தனர். கடைசிக் கோட்டையான நோட்டோ 1091இல் பணிந்தது. கவிஞர் இப்னு ஹம்தீஸ் இளமையில் தீவைவிட்டு வெளியேறி, சாகும்வரை அதை நினைத்து அழுது பாடினார். கற்றவர்களும் வசதி படைத்தவர்களும் ஆப்பிரிக்காவுக்கும் எகிப்துக்கும் போய்விட்டார்கள். நிலத்தில் உழைத்தவர்கள் போக இயலாமல் தங்கினார்கள்.

நம் இமாம் மாஸரீ வாழ்ந்தது இந்தக் காலத்தில்தான். அவர் மஹ்திய்யா நகரில் இருந்தார், ஹிஜ்ரி 536இல் (கி.பி. 1141) காலமானார். ஸஹீஹ் முஸ்லிமுக்கு அவர் எழுதிய 'அல்முஅலிம்' என்ற விரிவுரையைக் காஜி இயாள் நிறைவாக்கினார். அவ்வழியே அது இமாம் நவவீயின் கைக்கு வந்து, நம் மத்ரஸா வரை வந்து சேர்ந்தது. அவரிடம் ஒரு பத்வா கேட்கப்பட்டது. சிசிலியில் இருக்கும் காஜியை நியமிப்பவனோ கிறிஸ்தவ அரசன். அந்தக் காஜி எழுதி அனுப்பும் தீர்ப்பும், அங்குள்ளவர்களின் சாட்சியமும் இங்கே செல்லுமா? செல்லாது என்று சொல்லிவிடுவது எளிது. போக வேண்டியவர்கள் ஏன் போகவில்லை என்று குற்றம் சாட்டுவதும் எளிது. மாஸரீ அவ்வாறு செய்யவில்லை. அங்கே தங்கியவர்கள் நிர்ப்பந்தத்தால் தங்கியிருக்கலாம். முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதே அடிப்படை. மக்களுக்கு ஒரு நீதிபதி தேவைப்படுகிற இடத்தில் நியமித்தவன் யார் என்பதால் தீர்ப்பு கெட்டுவிடாது என்ற கருத்தில் விடையளித்தார். கடலுக்கு இக்கரையில் பாதுகாப்பாக இருந்துகொண்டு, அக்கரையில் சிக்கியவர்களைக் கைகழுவாத விடை அது. இன்னொரு செய்தி: 1960ஆம் ஆண்டுகளின் இறுதி முதல், அதே மஹ்திய்யாவிலிருந்து மீனவர்கள் பிழைப்புத் தேடி மாஸாராவுக்குப் போய், அவ்வூரின் பழைய அரபுத் தெருக்களில் குடியேறியிருக்கிறார்கள்!

இனி மன்னர்களைப் பார்ப்போம். முதலாம் ரோஜரின் படையில் முஸ்லிம் வீரர்கள் பெருந்தொகையினர். 1098இல் காப்புவா நகர முற்றுகையின்போது அங்கு வந்த ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவர், அவ்வீரர்கள் மதம் மாறுவதை ரோஜரே அனுமதிக்கவில்லை என்று குறித்திருக்கிறார். சகிப்புத்தன்மை என்று இதற்குப் பெயரிட்டவர்கள் உண்டு. போப்பாண்டவருக்குக் கட்டுப்படாத ஒரு படை அவருக்குத் தேவைப்பட்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

அவர் மகன் இரண்டாம் ரோஜர் 1130ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் தினத்தில் பாலெர்மோவில் முடிசூடி, சிசிலியை ராஜ்யமாக்கினார். 'அல்முஃதஸ்ஸு பில்லாஹ்' என்று கலீஃபாக்களைப் போல் பட்டம் பூண்டார். ஹிஜ்ரி 528இல் அவருக்காக அரண்மனைத் தறிச்சாலையில் செய்யப்பட்ட செம்பட்டு மேலங்கியில், சிங்கம் ஒட்டகத்தை வீழ்த்தும் சித்திரமும் ஓரமெங்கும் கூஃபீ எழுத்தும் பொன்னிழையால் பின்னப்பட்டன. அது இன்றும் வியன்னாவில் இருக்கிறது. அரண்மனைத் தேவாலயத்தின் மரக்கூரையை அலங்கரிப்பதும் அரபு எழுத்தே. இதையெல்லாம் முஸ்லிம் ஆட்சியின் மிச்சம் என்று முன்பு நினைத்திருந்தேன். பிற்கால ஆராய்ச்சி வேறு கூறுகிறது: நார்மானியர் ஆட்சியில் 1111ஆம் ஆண்டையொட்டி அரபு ஆவணங்கள் ஏறத்தாழ நின்றே போயின. ரோஜர் மன்னரான பின்னர், எகிப்தின் ஃபாத்திமிய அரசவையை முன்மாதிரியாகக் கொண்டு அரபு திவான் புதிதாக நிறுவப்பட்டது. ஆக, அரபு அவருக்கு மக்களின் மொழி என்பதைவிட, மன்னருக்கு அழகு சேர்க்கும் அணிகலனாகவே இருந்தது.

அந்த அவையில்தான் இத்ரீஸீ இருந்தார். வெள்ளித் தகட்டில் உலகப் படம் பொறித்து, எழுபது பகுதிப் படங்களோடு பூமிசாஸ்திரப் பெருநூல் ஒன்றை எழுதினார். 'ரோஜர் நூல்' என்றே அது வழங்கும். நமக்கு அண்டையிலுள்ள ஸரந்தீப் என்னும் இலங்கையைப் பற்றியும் அதில் உண்டு. அத்தீவின் அரசனுக்குப் பதினாறு அமைச்சர்கள். அவன் மதத்தவர் நால்வர், கிறிஸ்தவர் நால்வர், முஸ்லிம்கள் நால்வர், யூதர் நால்வர் என்கிறார். இத்ரீஸீ இலங்கைக்கு வந்ததில்லை. பிறர் சொல்லக் கேட்டதே. ஆயினும் பல சமயத்தார் வாழும் ஒரு தீவின் மன்னனுக்கு இன்னொரு தீவைப் பற்றி அவர் இதை எழுதிக் கொடுத்தார் என்பதைப் படித்துச் சற்று நேரம் யோசித்தேன்.

நூல் ஹிஜ்ரி 548 ஷவ்வாலில் (1154 ஜனவரி) முடிந்தது. அதற்கு முந்திய ரமலானில் என்ன நடந்தது? ரோஜரின் கடற்படைத் தலைவர் மஹ்திய்யாவைச் சேர்ந்த ஃபிலிப்; அரண்மனையில் வளர்ந்து கிறிஸ்தவரானவர். ஆப்பிரிக்காவின் பூனா நகரைப் பிடித்தபோது, அங்கிருந்த ஆலிம்களையும் நல்லோரையும் குடும்பத்தோடு வெளியேற அனுமதித்தார். திரும்பி வந்ததும், உள்ளத்தில் முஸ்லிம் என்று குற்றம் சாட்டப்பட்டு, ரோஜரின் ஆணையால் உயிரோடு எரிக்கப்பட்டார். சிசிலி முஸ்லிம்களுக்கு நேர்ந்த முதல் தளர்ச்சி இதுவே என்று இப்னுல் அதீர் குறிப்பிடுகிறார். ஒரே அரண்மனை, அடுத்தடுத்த மாதங்கள். மேடையில் நாம் ஷவ்வாலைச் சொல்கிறோம், ரமலானை விட்டுவிடுகிறோம்.

முதலாம் வில்லியம் காலத்தில், 1161இல், மன்னருக்கு எதிராக எழுந்த பிரபுக்களின் கலகம் முஸ்லிம்கள் மீது பாய்ந்து பலர் கொல்லப்பட்டனர். அவர் மகன் இரண்டாம் வில்லியம் ஆட்சியில், ஹஜ்ஜை முடித்துக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த அந்தலூஸ் பயணி இப்னு ஜுபைர் 1184 டிசம்பரில் மெஸ்ஸீனா அருகே கப்பல் உடைந்து கரை சேர்ந்தார். கப்பலில் இருந்தவர்களைக் கரையேற்றப் படகுக்காரர்கள் கூலி கேட்டு நிற்க, கொடுக்க வழியற்ற முஸ்லிம் ஏழைகளுக்காக மன்னரே நூறு ருபாயீ பொன் கொடுத்தார். அரபி எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர். அவருடைய கையொப்ப வாசகம் இறைவனைப் புகழும் 'அல்ஹம்து லில்லாஹ்'வில் தொடங்குவது. பணியாளர்களும் பணிப்பெண்களும் மறைவாகத் தொழுதார்கள். பாலெர்மோவில் கிறிஸ்துமஸுக்குத் தேவாலயம் சென்ற கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முக்காடும் மருதாணியுமாகப் போனதைக் கண்டு இப்னு ஜுபைர் வியக்கிறார். த்ராபனி நகரில் நோன்புப் பெருநாள் தொழுகைக்கு மக்கள் முரசும் கொம்பும் முழங்கச் சென்றார்கள்.

இந்த வரையில் படித்துப் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் பலர். அடுத்த பக்கங்களையும் புரட்ட வேண்டும். அதே த்ராபனியில் இப்னு ஜுபைர் தீவு முஸ்லிம்களின் தலைவர் அபுல் காஸிம் இப்னு ஹம்மூதைச் சந்தித்தார். பரம்பரைச் செல்வர், கொடையாளர். மன்னரின் சினத்துக்கு ஆளாகி, வீட்டுக் காவலில் இருந்து, பெருந்தொகை அபராதம் கட்டி, மாளிகைகளையும் இழந்து அண்மையில்தான் விடுபட்டிருந்தார். நானும் என் குடும்பமும் அடிமைகளாக விற்கப்பட்டால் தேவலை, வாங்கியவன் எங்களை ஒரு முஸ்லிம் நாட்டுக்காவது கொண்டுபோவான் என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் கண்ணீர் விட்டனர். அவ்வூரில் இன்னொருவர் தம் இளம் மகளை அழைத்து வந்து, ஊர் திரும்பும் ஹாஜி ஒருவரிடம், இவளை நீங்களே மணந்துகொள்ளுங்கள், அல்லது தகுந்தவருக்கு மணமுடித்து வையுங்கள், இந்தத் தீவிலிருந்து இவள் போனால் போதும் என்று ஒப்படைத்தார். பெற்ற மகளை இனிக் காண முடியாது என்று அறிந்தே ஒரு தகப்பன் கொடுத்தார்! பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1189இல் இரண்டாம் வில்லியம் வாரிசின்றி இறந்ததும் பாலெர்மோவில் முஸ்லிம்கள் வெட்டப்பட்டனர். தப்பியவர்கள் மலைகளில் ஒதுங்கினர். தாங்க்ரெட் சில ஆண்டுகள் ஆண்டார். 1194இல் ஜெர்மானியப் பேரரசர் ஆறாம் ஹென்ரி, மனைவி கான்ஸ்டன்ஸின் உரிமையால் முடிசூடினார். கான்ஸ்டன்ஸ் இரண்டாம் ரோஜரின் மகள். இவர்களின் மகன்தான் இரண்டாம் ஃப்ரெடரிக். சுல்தான் அல்காமிலோடு நட்புப் பூண்டு, 1229இல் போரின்றி ஜெரூஸலத்தைப் பெற்றவர்; தத்துவக் கேள்விகளை முஸ்லிம் அறிஞர்களுக்கு எழுதியனுப்பியவர். இவரும் நம் மேடைகளின் செல்லப்பிள்ளை. ஆனால் மலைகளில் எதிர்த்து நின்ற சிசிலி முஸ்லிம்களின் தலைவர் முஹம்மது இப்னு அப்பாதைப் பிடித்துக் கொன்றவரும் இவரே. 1223 முதல் பல்லாயிரம் பேரை வேரோடு பிடுங்கி, இத்தாலியின் உள்நாட்டிலுள்ள லூசேரா நகரில் குடியேற்றினார். கடலைப் பார்க்க முடியாத இடம், தப்பிப்போக இயலாது. அங்கே தங்கள் மார்க்கத்தோடு வாழலாம். மன்னருக்கு வில்லாளிகளைத் தர வேண்டும். 1246இல் கடைசிக் கிளர்ச்சியும் அடங்கியபின், தீவில் முஸ்லிம் சமுதாயம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. 1261இல் எகிப்திலிருந்து மன்னர் மான்ஃப்ரெடிடம் தூது சென்ற இப்னு வாஸில், அந்நகரில் ஜும்ஆ வெளிப்படையாக நடந்ததாக எழுதியிருக்கிறார். பாங்கொலி கேட்கும் ஒரு நகரம், போப்பாண்டவரின் நாட்டுக்கு அருகே!

அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1266இல் அன்ஜூவின் சார்லஸ் மான்ஃப்ரெடை வீழ்த்தி ராஜ்யத்தைக் கைப்பற்றினார். அவர் மகன் இரண்டாம் சார்லஸ் 1300 ஆகஸ்டில் லூசேராவைக் கலைத்தார். உடைமைகள் பறிக்கப்பட்டன, மக்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். த்ராபனியில் இப்னு ஹம்மூத் வேண்டியது நிறைவேறிற்று. முஸ்லிம் நாட்டுக்குக் கொண்டுபோக வாங்கியவர்தான் எவருமில்லை.

தீவின் பின்னைய வமிசங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1282இல் சிசிலி மக்கள் அன்ஜூ ஆட்சியை எதிர்த்தெழ, அரகோன் மன்னர் வந்தார்; ஸ்பெயினின் பிடி 1713 வரை. பிறகு ஸவோய் குடும்பம், ஆஸ்திரியர், போர்போன்கள். 1860இல் கரிபால்டி வந்திறங்க, இத்தாலியோடு இணைந்தது.

அரபியர் காலத்தை மீட்டுத் தந்தவர் பாலெர்மோவில் பிறந்த மிக்கேலே அமாரி. அரசின் கோபத்துக்கு அஞ்சி 1842இல் பாரிஸ் சென்று, அங்கே அரபி கற்று, சிசிலி முஸ்லிம்களின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். முஸ்லிம் அல்லாத ஒருவர், நம்மில் எவரும் செய்யாததைச் செய்தார்.

ஆனால் என்னை நிறுத்தியது அவருடைய நூலன்று, சில தோற்சுருள்கள். இரண்டாம் வில்லியம் பாலெர்மோவுக்கு மேலே மொன்ரியாலே என்ற இடத்தில் பெரும் தேவாலயம் கட்டி, அதற்கு நிலங்களைத் தானம் செய்தார். நிலத்தோடு, அதை உழுத பண்ணையாட்களையும் தானம் செய்தார். யார் யாரைக் கொடுத்தோம் என்பதற்கு ஊர்வாரியாகப் பட்டியல் வேண்டுமல்லவா? 'ஜரீதா' எனப்படும் அப்பட்டியல்கள் 1178இலும் 1183இலும் எழுதப்பட்டன. எழுதியது அரண்மனையின் அரபு திவான். எழுத்து அழகோ கண்ணைப் பறிக்கிறது. முஹம்மது, அலீ, யூஸுஃப், அப்துல்லாஹ் என வரிசையாக நூற்றுக்கணக்கான பெயர்கள். தகப்பன் பெயர், சிலருக்குக் கொல்லன், தச்சன், தையற்காரன் என்று தொழிற்பெயர். இடையிடையே ஒரு விதவை. 1178ஆம் ஆண்டுச் சுருளில் அரபியோடு கிரேக்கத்திலும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கப்பலில் வந்த முஸ்லிம் ஏழைகளுக்காக நூறு ருபாயீ கொடுத்த அதே மன்னரின் ஆட்சியில் எழுதியவை.

மன்னர்களைப் பற்றிக் கவிஞர்கள் பாடினார்கள். மேலங்கியில் அவர்கள் புகழ் பொன்னால் தைக்கப்பட்டது. தீவில் உழைத்து வாழ்ந்த சாமானிய முஸ்லிம்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இத்தகைய சுருள்களில்தான். தேவாலயத்தார் தங்கள் சொத்துப் பத்திரமாயிற்றே என்று அவற்றைக் கவனமாகப் பாதுகாத்தார்கள். இன்று அவை பாலெர்மோ நூலகத்தில் இருக்கின்றன.